மகமைக் கணக்கும் பதினேழாவது இலக்கும்

பள்ளிச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் நீடித்த வளர்ச்சி இலக்குகளின் வண்ணக் கட்டங்களில் பதினாறை ஆசிரியர்கள் எப்படியும் சொல்லிவிடுகிறார்கள். பசியைச் சொல்லச் சத்துணவுத் தட்டு இருக்கிறது. தண்ணீரைச் சொல்ல ஊருணி இருக்கிறது. காலநிலை மாற்றத்தைச் சொல்லப் பருவம் தவறிப் பெய்யும் ஐப்பசி மழை இருக்கிறது. ‘இலக்குகளுக்கான உலகக் கூட்டாண்மை’ என்ற பதினேழாவது கட்டத்துக்கு வரும்போதுதான் பாடம் தடுமாறுகிறது. கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருளும் அகப்படாததால், பூமி உருண்டையைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் பிள்ளைகளை வரையச் சொல்லி, மேலே ‘ஒற்றுமையே பலம்’ என்று எழுதச் சொல்லி, அந்த வகுப்பை முடித்துவிடுகிறார்கள். அந்த இலக்கின் வாசகத்தை முழுமையாகப் படித்தவர்களுக்கு இந்தப் படம் வியப்பளிக்கும். அதில் வரிக்கு வரி பேசப்படுவது பணம், கடன், வரி வசூல், ஏற்றுமதி, தொழில்நுட்பம், புள்ளிவிவரம் ஆகியவற்றைப் பற்றியே.

2015 செப்டம்பர் 25 அன்று ஐக்கிய நாடுகள் சபையின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட செயல்திட்டத்தில் 17 இலக்குகளும் அவற்றின்கீழ் 169 உட்குறிக்கோள்களும் உள்ளன. இவற்றில் பதினேழாவது இலக்கின்கீழ் வருபவை மட்டும் 19. வேறெந்த இலக்குக்கும் இத்தனை உட்குறிக்கோள்கள் இல்லை. மற்ற பதினாறும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல, இது யாருடைய பணத்தில், யாருடைய அறிவைக் கொண்டு, என்ன நிபந்தனைகளோடு அதைச் செய்வது என்பதைச் சொல்கிறது. இவற்றுக்கு முன்னோடியான 2000-ஆம் ஆண்டின் புத்தாயிரம் இலக்குகளிலும் எட்டாவதாக இதே பொருள் இடம்பெற்றிருந்தது. கல்வி பற்றிய நான்காவது இலக்கின் ஏழாவது உட்குறிக்கோள், நீடித்த வளர்ச்சியையும் உலகக் குடிமையுணர்வையும் எல்லா மாணவரும் கற்க வேண்டும் என்று கேட்பதால், இந்தப் பாடத்தைத் தள்ளிவைக்கவும் வழியில்லை.

உலகக் கூட்டுறவை நல்லொழுக்கப் பாடமாகச் சொல்வதைவிடக் கணக்குப் பாடமாகச் சொல்வதே மேல் என்பது இக்கட்டுரையின் கருத்து. வரவு எங்கிருந்து வந்தது, பற்று யார் பேரில் எழுதப்பட்டது, நிபந்தனையை எழுதியவர் யார், கடைசியில் சரிபார்ப்பவர் யார் என்று கேட்கப் பழகிய பிள்ளைக்குத்தான் ‘உலகக் கூட்டாண்மை’ என்ற சொல் பொருள்படும். அப்படிக் கேட்பதற்குச் செட்டிநாட்டைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் குறைவு. கணக்குப் புத்தகமான பேரேடும் இருப்புநிலைக் கணக்கான ஐந்தொகையும் வீட்டுப் பேச்சில் புழங்கிய ஊர்கள் இவை. நாடுகளுக்கிடையே பணம் போய் வந்ததன் தடயங்கள் இங்கே தெருவுக்குத் தெரு, வீடு வீடாக நிற்கின்றன.

முதலில் மகமையை எடுத்துக்கொள்வோம். வணிகத்தில் வரும் தொகையில் ஒரு சிறு பகுதியைக் கோயிலுக்கும் தருமத்துக்கும் என்று கணக்கிலேயே தனியாக ஒதுக்கிவைப்பது மகமை. செட்டிநாட்டு வணிகச் செட்டியார்களான நகரத்தாரின் கடைகளில் மட்டுமல்ல, தென்மாவட்ட வணிகச் சமூகங்கள் பலவற்றிலும் இது வழக்கமாக இருந்தது. விருதுநகரில் நாடார் சமூகத்தின் மகமைப் பணம் பள்ளிக்கூடங்களை நடத்தியது. மிஞ்சினால் கொடுக்கும் கொடையாக இல்லாமல், கணக்கில் முன்கூட்டியே பேரெழுதி வைக்கப்பட்ட பங்காக இருந்ததே இதன் தனித்தன்மை. இதோடு நகரத்தார் கோயில்களில் புள்ளி வரி என்ற முறையும் உண்டு. திருமணமானவர் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகச் சேர்க்கப்படுவார். செல்வர் என்றோ எளியவர் என்றோ பாராமல் புள்ளிக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும். சொத்தின் அளவுக்கேற்பப் பெறும் ஆஸ்தி வரி என்ற இன்னொரு முறையும் வழக்கில் இருந்தது.

இந்த இரண்டு வரிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டால், ஐக்கிய நாடுகள் சபையின் செலவுக்கு நாடுகள் எப்படிப் பணம் தருகின்றன என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரே பாடவேளையில் விளக்கிவிடலாம். சபையின் வழக்கமான வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒவ்வொரு நாடும் தன் பொருளாதார வலிமைக்கேற்பப் பங்கு செலுத்துகிறது. மிகக் குறைந்த பங்கு 0.001 விழுக்காடு, எந்த நாட்டின் பங்கும் 22 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, மிகவும் பின்தங்கிய நாடுகளிடம் 0.01 விழுக்காட்டுக்கு மேல் கேட்பதில்லை. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை இந்த அளவுகள் திருத்தப்படுகின்றன. பணம் ஆஸ்திப்படி வசூலிக்கப்பட்டாலும், பொதுச்சபையில் வாக்கு மட்டும் புள்ளிப்படி, நாட்டுக்கு ஒன்று. ‘அதிகம் கொடுப்பவனுக்கும் ஒரே ஓட்டா?’ என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் பிள்ளைகளையே வாதிட விடுவது நல்லது.

அடுத்தது 0.7 விழுக்காடு. வளர்ந்த நாடுகள் தங்கள் மொத்த தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளரும் நாடுகளின் முன்னேற்றத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று பொதுச்சபை 1970-இல் தீர்மானித்தது. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதிக்குள் எட்ட வேண்டிய அளவு அது. அரை நூற்றாண்டு கடந்தும், பதினேழாவது இலக்கின் இரண்டாவது உட்குறிக்கோளாக அதே எண் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. 2024-இல் உதவி வழங்கும் செல்வ நாடுகள் கொடுத்த தொகை ஏறக்குறைய 21,200 கோடி டாலர்; அது அந்நாடுகளின் கூட்டு வருமானத்தில் 0.33 விழுக்காடு மட்டுமே. 0.7-ஐ எட்டியவை நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் ஆகிய நான்கே. 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி முகமையையே மூடிவிட்டது. பெரிய எண்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலே போய்விடும் என்பதால் கணக்கை வீட்டளவுக்குச் சுருக்கித் தரலாம். மாதம் 20,000 ரூபாய் வருமானமுள்ள குடும்பம் 140 ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டு 66 ரூபாய் தருகிறது. விழுக்காடு படிக்கும் வகுப்பில் இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைக்காது. மகமை தராதவரைக் கோயிலும் ஊரும் கேட்கும், 0.7 தராத நாட்டைக் கேட்க அப்படி ஓர் அமைப்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளைக் காட்டி உலகத் தொடர்பைச் சொல்லித் தருவது புதிதல்ல. கானாடுகாத்தானுக்கோ பள்ளத்தூருக்கோ அழைத்துச் செல்லப்படும் பிள்ளைகளிடம் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு என்று வழிகாட்டி ஒப்பிக்க, அவர்களும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு வகுப்பில் உலகப் படத்தில் நூல் கட்டி, ‘எங்கள் ஊர் அன்றே உலகத்தோடு கூட்டுறவு கொண்டிருந்தது’ என்று கண்காட்சி வைக்கிறார்கள். நூல் கட்டும்வரை சரி. அந்த வாசகத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. முகப்பில் நிற்கும் தேக்குத் தூண் வணிகத்தால் வந்தது. வணிகத்துக்குப் பின்னால் ஒரு பேரரசு இருந்தது. அந்த வணிகத்தில் லாபம் கண்டவரும் உண்டு, நிலம் இழந்தவரும் உண்டு. பொருள் போய் வந்ததாலேயே அதைக் கூட்டாண்மை என்று சொல்லிவிட முடியாது. வேறுபாட்டைப் பிள்ளைகள் உணர வேண்டுமானால் பர்மாக் கணக்கை முழுதாகத் திறந்து காட்ட வேண்டும்.

பர்மாவின் தென்பகுதியான கீழைப் பர்மாவை 1852-இல் ஆங்கிலேயர் பிடித்தபின், ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாகத் திருத்தப்பட்டன. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை கைக்கெட்டியது. காடு திருத்தவும் மாடு வாங்கவும் அறுவடைவரை சாப்பிடவும் உழவனுக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் அவனுக்குக் கடன் தரவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள். உள்ளூர் வட்டிக்காரர்களைவிடச் செட்டியார் கடைகளில் வட்டி குறைவு. அவர்களுடைய பணம் இல்லாமல் அந்த நெல் விளைச்சல் பெருகியிருக்காது. 1929–30-இல் பர்மாவின் வங்கித் தொழிலை விசாரித்த குழுவே அவர்களுடைய பங்கை ஏற்றுக்கொண்டது. 1930-இல் உலகப் பொருளாதாரம் சரிந்து நெல் விலை வீழ்ந்தபோது கணக்கு தலைகீழானது. கடனைக் கட்ட முடியாதவர்களின் அடமான நிலங்கள் கடன் கொடுத்தவர்களிடம் வந்து சேர்ந்தன. கீழைப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறக்குறைய 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938-இல் 25 விழுக்காடானது. நிலம் வேண்டும் என்று யாரும் திட்டமிட்டுக் கடன் கொடுக்கவில்லை. பணத்தைக் கேட்டவர்களுக்கு நிலம்தான் கிடைத்தது. ஆனால் நிலத்தை இழந்த உழவனுக்கு இந்த வேறுபாடு ஆறுதல் தந்திருக்காது. பிறகு 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு, நடைவழியாகவும் கப்பல்வழியாகவும் ஊர் திரும்பல், 1948-இல் விடுதலை பெற்ற பர்மாவின் நில தேசியமயச் சட்டம் என்று கதை நீள்கிறது.

இதில் இரண்டாம் பாதியைச் செட்டிநாட்டு வீடுகள் நன்றாக நினைவில் வைத்திருக்கின்றன. பர்மாவில் விட்டுவந்த சொத்தைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளை இப்பகுதியில் குறைவு. முதல் பாதியை, அதாவது அதே பேரேட்டில் பற்றாக எழுதப்பட்ட உழவனின் பக்கத்தை, பள்ளிதான் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் நட்டம் அடைந்த ஓர் ஒப்பந்தத்தில் யார் என்ன செய்திருக்கலாம் என்று ஒன்பதாம் வகுப்பில் விவாதித்தால் நேர்மையான பதில்கள் வரும். விலை சரிந்த ஆண்டில் தவணையைத் தள்ளிவைத்திருக்கலாம். அரசு இடையில் புகுந்து கடனைச் சீரமைத்திருக்கலாம். விளைச்சலோடு விலையையும் கணக்கில் வைத்துக் கடன் கொடுத்திருக்கலாம். பிள்ளைகள் இவற்றைத் தாங்களாகச் சொன்ன பிறகு, பதினேழாவது இலக்கின் நான்காவது உட்குறிக்கோளை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வளரும் நாடுகளின் கடன் தாங்கக்கூடிய அளவில் இருக்கும்படி கடன் வழங்கல், கடன் தள்ளுபடி, கடன் சீரமைப்பு ஆகியவற்றை ஒருங்கிணைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. அவர்கள் சொன்னதையே உலக நாடுகள் 2015-இல் எழுதிவைத்திருக்கின்றன.

எழுதிவைத்தது நடக்கிறதா என்பதற்கு இராமேசுவரத்துக்கு அந்தப் பக்கமே சான்று இருக்கிறது. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அறிவித்தது. நெருக்கடியில் சிக்கிய நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நிதியம் 2023 மார்ச்சில் ஏறக்குறைய 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டாலும், அதற்கு முன் கடன் கொடுத்த நாடுகள் தங்கள் கடனைச் சீரமைக்க உறுதியளிக்க வேண்டியிருந்தது. இந்தியா, ஜப்பான், பிரான்சு ஆகியவை ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிப் பேச, சீனா தனியாகப் பேசியது. ஒரே கடனாளியிடம் கடன் கொடுத்த பலர் தனித்தனியாகப் பேரம் பேசினால் என்ன ஆகும் என்பது கணக்கு தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லாமலே புரியும். கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் 330 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டிருக்கிறது.

அதே 2022-இல் நடந்த இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு அரசு இலங்கை மக்களுக்கு 40,000 டன் அரிசியும் 500 டன் பால்பவுடரும் மருந்துகளும் தர முடிவெடுத்து, மே மாதம் முதல் கப்பலை அனுப்பியது. பால்பவுடர் என்ற சொல்லைக் கேட்டதும் இப்பகுதியின் வயதானவர்களுக்கு வேறொரு காலம் நினைவுக்கு வரும். 1960-களில் நம் பள்ளிகளின் மதிய உணவுக்கு அமெரிக்காவின் கேர் என்ற தொண்டு அமைப்பு பால்பவுடரும் தானியமும் எண்ணெயும் அனுப்பியது. அப்போது தட்டேந்தி நின்ற பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். ‘உங்கள் அப்பத்தாவிடமோ ஐயாவிடமோ பள்ளிக்கூடத்துப் பாலைப் பற்றிக் கேட்டு எழுதிவாருங்கள்’ என்று வீட்டுப்பாடம் கொடுத்தால், கரைத்த பாலின் வாடை, அண்டாவின் அளவு, வரிசையில் முந்தியதற்கு வாங்கிய அடி என்று பக்கம் பக்கமாக வரும். வாங்கியவர்கள் கூச்சப்பட்டார்களா, பிடித்ததா, அது எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா என்ற கேள்விகளையும் சேர்த்துக் கொடுக்கலாம். 1982-இல் சத்துணவுத் திட்டத்தை மாநிலம் தன் சொந்த நிதியில் விரிவாக்கியது. பிற நாட்டு அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் இந்தியத் திட்டம் 1964 முதலே நடக்கிறது; அதாவது பால்பவுடர் வாங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்தியா தன்னிடமிருந்த அறிவைக் கொடுத்துக்கொண்டும் இருந்தது. கொடுக்கும் நாடு, வாங்கும் நாடு என்று உலகப் படத்துக்கு இரண்டு நிறம் பூசும் பழக்கத்தை இந்த ஒரு வீட்டுப்பாடம் கலைத்துவிடும்.

தொழில்நுட்பப் பகிர்வைச் சொல்ல ஆத்தங்குடிக்குப் போகலாம். சிமென்டில் பூவேலை செய்த தரையோடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உருவானவை. ஆத்தங்குடியில் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பிச் சமன்செய்கிறார்கள். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட, கண்ணாடி தானாகக் கழன்றுவிடுகிறது. ஓட்டின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி தந்தது. சூளையும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். பொருளை இறக்குமதி செய்வதற்கும், செய்முறை வந்து உள்ளூர் மணலில் வேரூன்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை இங்கே கண்ணால் பார்க்கலாம். காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இதன் பெரிய வடிவம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட அந்நிறுவனத்தில் ஒரு தனி மனிதரின் கொடையும் அரசின் நிதியும் அறிவியலாளர்களின் உழைப்பும் சேர்ந்திருக்கின்றன. அரசு, தனியார், மக்கள் அமைப்புகள் மூன்றும் சேர்ந்த கூட்டாண்மை என்று பதினேழாவது உட்குறிக்கோள் சொல்வதற்கு இதைக் காட்டினால் போதும்.

‘ஊர் கூடித் தேர் இழுத்தல்’ என்ற தொடரைக் கூட்டுறவுப் பாடத்தில் பயன்படுத்தாத ஆசிரியர் இல்லை. செட்டிநாட்டில் அதைச் சொல்லும்போது சற்று நிதானிக்க வேண்டும். தேவகோட்டைக்கு அருகிலுள்ள கண்டதேவியில், வடம் பிடிக்கும் உரிமை எல்லாச் சாதியாருக்கும் உண்டா என்ற வழக்கினால் தேரோட்டம் பல ஆண்டுகள் நின்றுபோய், 2024 ஜூனில்தான் மீண்டும் நடந்தது. பிள்ளைகளுக்கு இது தெரியும். தெரியாததுபோல ஆசிரியர் நடந்துகொண்டால் பாடத்தின் மேல் அவர்களுக்கு நம்பிக்கை போய்விடும். சேர்ந்து இழுக்கலாம் என்று அழைப்பதற்கு முன் வடத்தை யார் யார் தொடலாம் என்பது தீர வேண்டும். பன்னாட்டு நிதியத்தில் அமெரிக்காவுக்கு மட்டும் 16 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு இருக்கிறது. பெரிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வேண்டும் என்பதால் அந்த ஒரு நாடு மறுத்தால் எதுவும் நகராது. உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாழும் இந்தியாவின் வாக்கு மூன்று விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. உலக நிறுவனங்களின் முடிவுகளில் வளரும் நாடுகளுக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையின் பொருள் இந்த எண்களில் இருக்கிறது.

வென்ற கூட்டுறவையும் தோற்ற கூட்டுறவையும் ஒரே வகுப்பில் சொல்வதே முறை. பெரியம்மை 1980 மே 8 அன்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில், சோவியத் ஒன்றியம் பெருமளவில் தடுப்பூசி கொடுக்க, ஓர் அமெரிக்க மருத்துவர் தலைமையில் உலகச் சுகாதார நிறுவனம் இதை நடத்தியது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் எழுதப்பட்ட மாண்ட்ரியல் உடன்பாட்டில் காலப்போக்கில் உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்தன. குளிர்பதனப் பெட்டித் தொழிலை மாற்றிக்கொள்ள ஏழை நாடுகளுக்கு ஆகும் செலவைப் பணக்கார நாடுகள் ஏற்கும் நிதி ஒன்று அமைந்த பிறகே, 1992-இல், இந்தியா அதில் சேர்ந்தது. கணக்கு தீர்ந்ததால் கூட்டுறவு நடந்தது. கொரோனாவில் அது தீரவில்லை. எல்லா நாடுகளுக்கும் தடுப்பூசி பகிர்வதற்கென்று 2020-இல் தொடங்கிய கோவாக்சு ஏற்பாடு 2021 இறுதிக்குள் 200 கோடி ஊசிகளைத் தர எண்ணி, அதில் பாதியைக்கூட எட்டவில்லை. பணக்கார நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தது ஒரு காரணம். இரண்டாம் அலையின்போது இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது இன்னொரு காரணம். நம் நாடு செய்தது சரியா என்ற கேள்வியைப் பத்தாம் வகுப்பில் வைக்கலாம். அந்த வகுப்பில் உறவினரை இழந்த பிள்ளையும் இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் மனத்தில் கொள்ள வேண்டும்.

வயதுக்கேற்ற பாடம் என்று அட்டவணை போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாடு என்பதே இன்னும் தெளிவாகாத ஒன்று. கண்மாய் மடையைத் திறப்பதில் மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் முறை வைத்துக்கொள்வதைப் போய்ப் பார்த்து வந்தால் அந்த வயதுக்குப் போதும். மற்றதெல்லாம் ஆசிரியரின் துணிவைப் பொறுத்தது. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்த ஆங்கில உரையை ஒப்பிக்கும் மாதிரி ஐக்கிய நாடுகள் சபைப் போட்டிகள் பேச்சுப் பயிற்சிக்கு உதவலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாட்டின் வெற்றிக்காக வாதாடிப் பரிசு வாங்குகிறது என்பதால் அதைக் கூட்டுறவுப் பாடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. மலேசியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இயங்குகின்றன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆங்கிலம் தெரிந்தால்தான் அயல்நாட்டோடு பேச முடியும் என்ற தடை தமிழ்ப் பிள்ளைகளுக்கு இல்லை. இரண்டு பள்ளிகளை இணைக்கும்போது வாழ்த்து அட்டை பரிமாறுவதோடு நிறுத்தாமல், இருவரும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை காரைக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் பெய்கிறது. ஒரே அளவுள்ள மழைமானியை இரு பள்ளி முற்றங்களிலும் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, எண்களை மாற்றிக்கொள்ளலாம். எந்தப் பாத்திரம், எந்த நேரம், அளக்காமல் விட்ட நாளை என்னவென்று எழுதுவது என்று இரு தரப்பும் முதலில் ஒப்பந்தம் எழுத வேண்டியிருக்கும். அந்த ஒப்பந்தத்தைப் பிள்ளைகளே எழுதினால் பாடத்தின் பாதி அங்கேயே முடிந்துவிடும். ஒரு பள்ளி பணக்காரப் பள்ளியாகவும் மற்றது எளிய பள்ளியாகவும் இருந்தால், கருவிகளை ஒரு தரப்பே வாங்கிக் கொடுத்து விதிகளையும் அதுவே எழுதிவிடாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியர்களின் வேலை.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு அருகில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களைக் கொண்ட சிறிய சரணாலயம் அது; 1977-இல் அறிவிக்கப்பட்டது. நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கருவேல மரங்களில் கூடு கட்டும் அந்தக் கண்மாய்க் கரையூர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவுக்கும் இறப்புக்கும்கூட வெடிப்பதில்லை. வனத்துறையினர் ஆண்டுதோறும் தீபாவளியன்று இனிப்பு கொடுத்து அவர்களுக்கு நன்றி சொல்கிறார்கள். இதைச் செய்தித்தாள்கள் ஒவ்வோர் ஆண்டும் உருக்கமாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. பாடத்துக்கு வேண்டியது அதற்கு மேலே உள்ள அடுக்குகள். தமிழகக் கண்மாய்களுக்குப் பனிக்காலத்தில் வரும் நீலச்சிறகி போன்ற வாத்துகள் வட ஆசியாவில் குஞ்சு பொரிக்கின்றன. ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் மத்திய ஆசியப் பறவை வழித்தடத்தில் 30 நாடுகள் இருக்கின்றன. வலசை போகும் உயிரினங்களைக் காக்க 1979-இல் பான் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையில் இந்தியா 1983-இல் சேர்ந்தது. 2020 பிப்ரவரியில் அதன் மாநாடு காந்திநகரில் நடந்தது. கசகஸ்தானில் ஓர் ஏரி வற்றினால் இங்கே வாத்து குறையும். இங்கே கண்மாய் தூர்ந்தால் அங்கே திரும்பிப் போகும் கூட்டம் குறையும். ஊர்க் கட்டுப்பாடு, வனச் சட்டம், பன்னாட்டு உடன்படிக்கை என்ற மூன்றில் எது அறுந்தாலும் மற்ற இரண்டால் ஈடுகட்ட முடியாது.

இந்த ஏற்பாட்டில் பிள்ளைகளுக்கு என்று உண்மையான ஒரு வேலையும் இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தனியாக ஒரு கணக்கெடுப்பும் நடத்துகிறார்கள். வேட்டங்குடியிலோ தம் ஊர்க் கண்மாயிலோ பிள்ளைகள் எண்ணும் பறவைகளை பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால், அந்த எண் உலகம் முழுதும் ஆய்வாளர்கள் எடுத்தாளும் தரவில் சேர்கிறது. நம்பகமான தரவைத் திரட்டும் திறனை வளரும் நாடுகளில் வளர்க்க வேண்டும் என்பது பதினேழாவது இலக்கின் பதினெட்டாவது உட்குறிக்கோள். அதை எட்டாம் வகுப்பு மாணவர் தம் கையால் செய்துபார்க்கக்கூடிய இடம் இது. நீலச்சிறகியையோ வேறெதையுமோ தவறாகப் பதிந்தால், சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் படம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுவார். அந்தக் கேள்விக்குப் பிள்ளையே பதில் எழுத வேண்டும், ஆசிரியர் எழுதித் தரக் கூடாது. ஒரே ஆண்டு எண்ணிவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் அந்த எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது. ஆகவே எட்டாம் வகுப்பு ஒன்பதுக்குப் போகும்போது, நின்று எண்ணிய கரை, எண்ணிய நேரம், அந்த ஆண்டு கண்மாயில் இருந்த நீர்மட்டம் ஆகியவை எழுதிய குறிப்பேட்டை அடுத்து வரும் எட்டாம் வகுப்பிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை முதல் ஆண்டிலேயே செய்துகொண்டு பள்ளிகள் இதைத் தொடங்க வேண்டும்.